வாள்வித்தையில் யார் எந்தப் படி? டான், பட்டம், பழைய உரிமச் சுருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனிமே பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்கள், கெண்டோ வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள், வாளும் மந்திரமும் கலந்த கற்பனைக் கதை எழுதுகிறவர்கள் என மூன்று தரப்பும் படிநிலைகளைப் பற்றிக் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். ஜப்பானிய வாள்வித்தையான கெண்டோவே முதன்மை. இன்றைக்கும் தேர்வு வைத்து, விதி எழுதி, உலகம் முழுக்க ஒரே அளவுகோலில் நடக்கும் முறை அதுதான். பழைய வாள்பள்ளிகள், ஐரோப்பா, மந்திரப் படிநிலைகள் ஆகியவை பின்பாதியில் வருகின்றன.

கெண்டோவுல மொத்தம் எத்தனை படி? எதுல ஆரம்பிச்சு எதுல முடியுது?

முதலில் கியூ. இது கீழ்நோக்கி எண்ணப்படும். பல நாடுகளில் 6-ஆம் கியூவில் தொடங்கி 1-ஆம் கியூ வரை வரும். அடுத்து டான். இது மேல்நோக்கி, 1 முதல் 8 வரை. கியூவை உள்ளூர்ச் சங்கங்களே கொடுப்பதால் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். டான் அப்படி மாறாது. 1952-இல் தொடங்கிய அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம் வகுத்த அளவைத்தான், 1970-இல் தொடங்கிய சர்வதேச கெண்டோ சம்மேளனத்தின் உறுப்பு நாடுகளும் பின்பற்றுகின்றன.

இவை தவிர ரென்ஷி, கியோஷி, ஹன்ஷி என்று மூன்று பட்டங்கள் உண்டு. அவை டானோடு ஒட்டி வந்தாலும் டான் அல்ல. அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

கராத்தே மாதிரி கலர் பெல்ட் உண்டா? இல்லேன்னா யார் எந்த டான்னு எப்படித் தெரியும்?

பெல்ட்டே கிடையாது. நேற்றுச் சேர்ந்தவரும் 8-ஆம் டான்காரரும் பெரும்பாலும் ஒரே கருநீல உடைதான் உடுத்துவார்கள். இடுப்புக் கவசத்தின் நடுமடிப்பில் மாட்டும் துணிப்பையில் பெயரும் ஊரும் இருக்குமே தவிர, டான் இருக்காது. கவசத்தின் சாயம் வெளுத்திருப்பதை வைத்து ஆளை எடைபோட வேண்டாம். இரவல் கவசமாகவும் இருக்கலாம்.

வகுப்பில் வரிசையாக உட்காரும்போதுதான் தெரியும். ஆசிரியர்கள் ஒரு பக்கம், மாணவர்கள் எதிர்ப்பக்கம். இரண்டு வரிசையிலும் மூத்தவர் ஒரு முனையில் தொடங்கி இறங்குவரிசையில் அமர்வார்கள். புதிதாக ஒரு வகுப்புக்குப் போனால் எங்கே உட்காருவது என்று கேட்டுவிட்டு உட்காருவதே மரியாதை.

முதல் டான் வாங்கிட்டா மாஸ்டர்தானே?

இல்லை. ஜப்பானிய மொழியில் முதல் டானை 'ஷோடான்' என்பார்கள். அதில் உள்ள 'ஷோ' என்பதற்குத் தொடக்கம் என்று பொருள். அடிப்படையைக் கற்றிருக்கிறார், கை நன்றாக வருகிறது என்பதுதான் விதிப்புத்தகம் முதல் டானுக்குக் கேட்கும் தகுதி. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது, இனிமேல் புத்தகத்தைக் கையில் கொடுக்கலாம் என்பது போன்ற நிலை.

விதிப்புத்தகத்தின் சொற்கள் படிக்குப்படி மாறுவதைக் கவனித்தால் ஏணி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். 3-ஆம் டான் வரை பேச்சு முழுக்க அடிப்படையைப் பற்றியே. 4, 5-இல் அடிப்படையும் அதன் பயன்பாடும். 6, 7-இல் கெண்டோவின் நுண்பொருளில் தேர்ச்சி. 8-இல்தான் உட்பொருளை முழுதாக அறிந்து முதிர்ந்தவர் என்ற சொல் வருகிறது.

எட்டாவது டானுக்கு எத்தனை வருஷம் ஆகும்? திறமை இருந்தா சீக்கிரம் போக வழி இருக்கா?

முதல் டான் எழுத 1-ஆம் கியூ இருக்க வேண்டும், 13 வயது நிறைந்திருக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு டானுக்கும் காத்திருப்புக் காலம் இருக்கிறது. 2-ஆம் டானுக்கு 1 ஆண்டு, 3-க்கு 2, 4-க்கு 3, 5-க்கு 4, 6-க்கு 5, 7-க்கு 6. கடைசிப் படியில் மட்டும் ஒரே தாவலாக 10 ஆண்டு. கூடவே 46 வயதும் நிறைந்திருக்க வேண்டும்.

கூட்டிப் பாருங்கள். முதல் டானிலிருந்து 7 வரை 21 ஆண்டு, 8-க்கு இன்னொரு 10. ஆக 31 ஆண்டு. 13 வயதில் தொடங்கி ஒரு தேர்விலும் தவறாதவருக்கு 34 வயதில் 7-ஆம் டான் கைக்கு வரலாம். 44-இல் பத்தாண்டு முடிந்தாலும் வயது விதிக்காக மேலும் இரண்டு ஆண்டு இருந்தாக வேண்டும். இது தேர்வு எழுதத் தகுதி வரும் கணக்கு மட்டுமே. 8-ஆம் டான் தேர்வில் தேறுவது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான். பத்து, இருபது முறை திரும்பத் திரும்ப எழுதுகிறவர்கள் உண்டு.

பிந்திய வயதில் தொடங்கியவர்களுக்குச் சில படிகளில் காத்திருப்பைக் குறைக்கும் விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் இளைஞர் ஒருவர் போட்டியில் ஜெயித்தார் என்பதற்காக இரண்டு படி தாண்டிவிட முடியாது. காத்திருப்பு என்பது சும்மா இருக்கும் காலமல்ல. பயிற்சிக் காலம் என்றே விதியில் இருக்கிறது. இடையில் ஐந்தாறு ஆண்டு வாளைத் தொடாமல் இருந்துவிட்டு, தேதி கடந்துவிட்டது என்று வருகிறவர்களைத் தேர்வுக்களம் ஒரு நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

தேர்வு அன்னைக்கு என்னதான் பண்ணச் சொல்வாங்க?

மூன்று பகுதி. முதலில் களத்தில் எதிர்நின்று ஆடுவது. வயதும் டானும் ஒத்தவர்களை நான்கு பேராகப் பிரிப்பார்கள். ஒவ்வொருவரும் இரண்டு பேரோடு, தலைக்கு ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம் ஆட வேண்டும். மேல்படிகளில் நேரம் கொஞ்சம் கூடும். பெயர்த் துணியைக் கழற்றிவிட்டு எண் ஒட்டிவிடுவார்கள். நடுவர் புள்ளி அறிவிக்க மாட்டார், கொடி இருக்காது. கீழ்ப்படிகளில் ஐந்து தேர்வாளர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். மூன்று பேர் சரி என்றால் தேர்ச்சி.

இதில் தேறியவர்களுக்கு மட்டும் அடுத்தது கட்டா, அதாவது மரவாளால் இருவர் சேர்ந்து செய்யும் வரையறுத்த அசைவுகள். மொத்தம் பத்து: நெடுவாளில் ஏழு, குறுவாளில் மூன்று. 1912-இல் தொகுக்கப்பட்டவை. ஜப்பானில் பொதுவாக முதல் டானுக்கு முதல் மூன்று, 2-க்கு ஐந்து, 3-க்கு ஏழு, 4 முதல் பத்தும் கேட்பார்கள். சில நாடுகளில் இதைவிடக் கூடுதலாகக் கேட்பதால் விண்ணப்பிக்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது எழுத்துத் தேர்வு. கீழ் டான்களில் கேள்விகளை முன்கூட்டியே கொடுத்துவிடுவதும் உண்டு. வாளும் உடலும் மனமும் ஒரே கணத்தில் சேர்வது என்றால் என்ன, செல்லுபடியாகும் அடிக்கு என்னென்ன வேண்டும் என்ற மாதிரிக் கேள்விகள். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய பதில்களைத் தேர்வாளர்கள் ஏற்கெனவே நிறையப் படித்திருப்பார்கள். உங்கள் சொற்களில் அரைப்பக்கம் எழுதினால் போதும்.

எதிராளியை ரெண்டு தடவை நல்லா அடிச்சேன். ஆனாலும் ஃபெயில். ஏன்?

மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். வருத்தம் நியாயமானது, ஆனால் தேர்வாளர்கள் எண்ணுவது வேறு. 1 முதல் 3 டான் வரை அவர்கள் பார்ப்பவை நான்கு: உடை கட்டிய விதமும் வணக்க முறையும், நிற்கும் தோரணை, அடிப்படைக்கு ஏற்ற அடி, நிறைந்த வேகமும் குரலும். எதிராளியைவிட அதிகம் அடித்தாரா என்பது இந்தப் பட்டியலில் இல்லை. 4, 5-இல்தான் பயன்பாட்டு நுட்பத்தின் முதிர்ச்சி, பயிற்சியின் ஆழம், வெற்றி தோல்வியின் விகிதம் ஆகியவை சேர்கின்றன. 6-க்கு மேல் இன்னும் இரண்டு: அடிக்கான காரண ஒழுங்கு, ஆளின் கண்ணியம்.

அடி என்றாலும் எல்லா அடியும் அடியல்ல. மூங்கில் வாளான ஷினாயின் மேற்பகுதியால், கூர்ப்பக்கம் சரியான கோணத்தில், தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை ஆகிய குறிகளில் ஒன்றைத் தொட வேண்டும். குரலும் காலும் கூடவே விழ வேண்டும். அடித்த பிறகும் எதிராளி மீது கவனம் நிற்க வேண்டும்; இதற்கு ஸான்ஷின் என்று பெயர். அடித்தவுடன் 'விழுந்துச்சா?' என்று தேர்வாளர் பக்கம் பார்வையைத் திருப்பினாலே அந்த அடி வீண்.

களத்தில் அடிக்கடி கெடுப்பவை இவை. இடது குதிகால் தரையில் படிந்துவிடுகிறது. அதனால் பாய்ச்சல் இல்லாமல் உடல் முன்னால் சாய்கிறது. எதிராளி கையை அசைத்ததுமே வாளைத் தலைக்கு மேல் தூக்கித் தடுப்பது. அது பயத்தைக் காட்டும் முதல் அடையாளம். ஒரு நிமிடத்தில் பதினைந்து முறை அடிப்பது. இதற்குப் பதில் வாள்முனையால் நடுக்கோட்டைப் பிடித்து, அழுத்தம் கொடுத்து, எதிராளி அசைந்த கணத்தில் மூன்று நான்கு அடி மட்டும் அடியுங்கள். அந்த அழுத்தத்துக்குச் செமே என்று பெயர். 'அடித்து வெல்லாதே, வென்றபின் அடி' என்று பயிற்சிக்கூடங்களில் சொல்வது இதைத்தான்.

கட்டாவுல எல்லாரும் எங்கதான் தப்பு பண்றாங்க?

முதல் கட்டாவையே எடுத்துக்கொள்வோம். அதில் தெளிவு வந்தால் மற்றவை ஓரளவு வசப்படும். உச்சிதாச்சி என்பவர் ஆசிரியர் இடத்தில் நிற்பவர்; தாக்கித் தோற்பது அவர். ஷிதாச்சி மாணவர் இடம்; பதிலடி கொடுத்து வெல்பவர். இருவரும் ஒன்பது காலடி இடைவெளியில் நின்று, மூன்று பெரிய அடி முன்வந்து, குந்தி, எழுந்து, வாளைத் தாழ்த்தி, ஐந்து சின்ன அடி பின்னே போவார்கள். பிறகு உச்சிதாச்சி இடது கால் முன்வைத்தும் ஷிதாச்சி வலது கால் முன்வைத்தும் வாளைத் தலைக்கு மேல் ஏந்தி மூன்று அடி நெருங்குவார்கள்.

உச்சிதாச்சி வலது காலை வைத்து, 'யா' என்ற குரலோடு நெற்றியை நோக்கி வாளை முழுதாக இறக்குகிறார். ஷிதாச்சி இடது காலில் தொடங்கி ஓரடி பின்வாங்கி, கைகளைப் பின்னே இழுத்து அந்த வெட்டைக் காற்றில் போக விடுகிறார். உடனே வலது காலை வைத்து, 'தோ' என்ற குரலோடு தலையில் பதிலடி. பின்பு வாள்முனையை முகத்தின் நடுவில் நிறுத்தி, இடது காலை முன்வைத்து வாளை உயர்த்தி ஸான்ஷின் காட்டுகிறார்.

தப்பு நடப்பது பெரும்பாலும் ஷிதாச்சி முந்திவிடுவதால். அடி வரும் என்று மனப்பாடமாகத் தெரிவதால் வாள் இறங்கும் முன்பே பின்வாங்கிவிடுகிறார். அப்போது உச்சிதாச்சி வெட்டுவதற்கு ஆளே இல்லை. மறுபக்கம், உச்சிதாச்சி இரக்கப்பட்டு எதிராளிக்கு ஓரடி முன்னாலேயே வெட்டுவதும் பிழைதான். அவர் உண்மையாக வெட்டினால்தான் பின்வாங்கலுக்குப் பொருள் இருக்கிறது. இன்னொன்று, கைகளை இழுப்பதற்குப் பதில் இடுப்பை வளைத்து முதுகைப் பின்னே சாய்ப்பது. அப்படிச் சாய்ந்தவர் திரும்பி வருவதற்குள் அடிக்கும் கணம் போய்விடும்.

தேர்வுக்கு முன்னாடி ஷினாய், உடையில எதெல்லாம் சரிபார்க்கணும்?

ஷினாயின் நான்கு மூங்கில் சட்டங்களையும் பிரித்து விரலால் தடவிப் பாருங்கள். சிலாம்பு எழும்பியிருந்தால் அன்று அதைத் தொடக் கூடாது. முகக்கவசக் கம்பிகளுக்கு இடையே நுழைந்து கண்ணைக் கெடுப்பது சிலாம்பும் கிழிந்த முனைத்தோலும்தான். நடுவில் கட்டும் தோல்வார் முனையிலிருந்து ஏறக்குறைய கால்பங்கு தூரத்தில், நகராமல் இருக்க வேண்டும். அது தளர்ந்து கீழே சரிந்திருந்தால் பராமரிப்பு இல்லை என்பது தேர்வாளருக்கு எட்ட இருந்தே தெரியும். வயது வந்த ஆண்களுக்கு ஷினாயின் நீளம் 120 செ.மீ.க்கு மிகாமலும் எடை 510 கிராமுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். பெண்களுக்கு அதே நீளம், குறைந்தது 440 கிராம்.

உடையில், மடிப்பு வைத்த அகன்ற கீழாடையான ஹகாமாவின் முன்விளிம்பு தாழ்ந்தும் பின்விளிம்பு சற்றே உயர்ந்தும் இருக்கட்டும். மேல்சட்டையின் முதுகுப் பகுதி புடைத்துக்கொண்டு நிற்கும். கட்டிய பிறகு பக்கவாட்டில் இழுத்துச் சமன் செய்யுங்கள். முகக்கவசக் கயிறுகள் முடிச்சிலிருந்து 40 செ.மீ.க்கு மேல் தொங்கக் கூடாது, இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். தேர்வாளர்கள் பார்ப்பதாக மேலே சொன்ன நான்கில் முதலாவது உடை என்பதை மறக்க வேண்டாம். நீங்கள் வாளை எடுக்கும் முன்பே அது பார்க்கப்பட்டுவிடுகிறது.

அப்போ ஆறாவது டான்காரர் மூணாவது டான்காரரை எப்பவும் ஜெயிப்பாரா?

போட்டியில் அப்படி ஒரு உறுதியும் கிடையாது. போட்டி ஐந்து நிமிடம். மூன்றில் இரண்டு புள்ளி எடுத்தவர் வெற்றி. அங்கே வேகம், மூச்சு, இளமை எல்லாம் பேசும். இருபத்திரண்டு வயதுக் கல்லூரி மாணவர் அறுபது வயது 7-ஆம் டான்காரரைப் புள்ளிக் கணக்கில் வெல்வது நடக்கக்கூடியதே.

ஆனால் அதே இருவரும் பயிற்சியில் எதிர்நின்றால், மாணவருக்கு அடிக்கவே இடம் கிடைக்காது. அடிக்க நினைக்கும் கணத்தில் எதிரே வாள்முனை வந்து நிற்கும். டான் அளப்பது இந்தப் பக்கத்தைத்தான். போட்டிக் கோப்பையையும் டானையும் ஒரே தராசில் வைப்பதால்தான் கதைகளில் வரும் 'இவர் அரசநிலை, அவர் பேரரசநிலை, ஆகவே இவர் தோற்பார்' என்ற கணக்கு நிஜத்தில் பொருந்துவதில்லை.

ரென்ஷி, கியோஷி, ஹன்ஷி எல்லாம் டானுக்கு மேலயா, பக்கத்துலயா?

பக்கத்தில் என்பதே சரி. டான் ஆட்டத்திறனைச் சொல்கிறது. பட்டம் கற்பிக்கும் தகுதியையும் ஆளின் முதிர்ச்சியையும் சொல்கிறது. 6-ஆம் டான் பெற்று ஓராண்டு கழிந்தபின் பரிந்துரையின் பேரில் ரென்ஷி. ரென்ஷியாக இருந்து 7-ஆம் டான் பெற்று இரண்டாண்டு கழிந்தபின் கியோஷி. ஹன்ஷி பட்டம் கியோஷியாக உள்ள 8-ஆம் டான்காரர்களுக்கு, எட்டாண்டு கழிந்தபின், தேர்ந்தெடுத்துத் தரப்படுவது. ஆகவே '7-ஆம் டான்' என்பவரும் 'கியோஷி 7-ஆம் டான்' என்பவரும் ஒன்றல்ல.

பலருக்குத் தெரியாத ஒன்று: கெண்டோவில் பட்டங்கள்தான் மூத்தவை. 1895-இல் கியோத்தோவில் தொடங்கிய ஜப்பான் போர்க்கலைப் பேரவை 1902-இல் ஹன்ஷி, கியோஷி என்ற இரண்டையும் ஏற்படுத்தியது. ரென்ஷி 1934-இல் சேர்ந்தது. கெண்டோவுக்கு டான் வந்ததோ 1917-இல்.

பத்தாவது டான்னு படிச்சேனே, அது இப்ப ஏன் இல்லை?

இருந்தது. அகில ஜப்பான் சம்மேளனம் 10-ஆம் டானை ஐந்து பேருக்கு மட்டுமே கொடுத்திருக்கிறது. அவர்களில் ஒருவர் மொச்சிதா மொரிஜி (1885–1974). 1929-இல் பேரரசர் முன்னிலையில் நடந்த போட்டியில் ஆசிரியர் பிரிவில் வென்றவர். 2000-இல் விதியைத் திருத்தியபோது 9, 10 இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அன்றுமுதல் 8-ஆம் டானே தேர்வு எழுதிப் பெறும் உச்சம். அதற்குமேல் ஹன்ஷி பட்டம் மட்டும். எங்கள் பார்வையில் இது நல்ல முடிவு. தேர்வால் எட்டக்கூடிய படி எங்கே முடிகிறது என்பது இப்போது குழப்பமில்லாமல் தெரிகிறது.

சாமுராய் காலத்துல டான் இருந்துச்சா?

வாளுக்கு இல்லை. டான் என்ற அளவு கோ என்னும் பலகை ஆட்டத்தில் புழங்கியது. அதை உடற்கலைக்குக் கொண்டுவந்தவர் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ. 1883-இல் தன் மாணவர் இருவருக்கு முதல் டான் கொடுத்தார். கெண்டோவுக்கு வந்த ஆண்டை மேலே சொன்னோம்.

சாமுராய்கள் காலத்து வாள்பள்ளிகளில் இருந்தது உரிம முறை. ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் ஒரு சுருளை எழுதித் தருவார். பள்ளிக்குப் பள்ளி பெயர் மாறும். பொதுவாகத் தொடக்கத்தில் ஒற்றைத்தாள் சான்று, பிறகு கற்றவற்றின் பட்டியலான மொகுரோக்கு, பிறகு அனுமதியான மென்கியோ, கடைசியில் அனைத்தும் கைமாற்றப்பட்டது என்று சொல்லும் மென்கியோ கைடென். சுருளில் இருப்பது பெரும்பாலும் நுட்பங்களின் பெயர் வரிசைதான். உள்ளே கற்றவருக்கு மட்டுமே அது விளங்கும். கத்தோரி ஷிந்தோ பள்ளி போன்றவற்றில் சேரும்போதே இரத்தக் கையொப்பமிட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டும்.

படிகள் நிறைய இருந்தா நல்லதா, குறைவா இருந்தா நல்லதா?

இதற்கு வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது. இத்தோ பள்ளி மரபில் எட்டுப் படிகள் இருந்தன. ஒவ்வொரு சுருளுக்கும் காணிக்கை, உபசாரம் என்று செலவு. கையில் காசில்லாத கீழ்நிலைச் சாமுராய்க்குத் திறமை இருந்தும் ஏற முடியாது. எதோவில், அதாவது இன்றைய தோக்கியோவில், ஹொக்குஷின் இத்தோ பள்ளியை நடத்திய சிபா ஷூசாக்கு எட்டை மூன்றாகக் குறைத்தார்: முதல் பட்டியல், நடுப் பட்டியலோடு உரிமம், பெரும் பட்டியலோடு முழுக்கையளிப்பு. அவருடைய கூடத்தில் கூட்டம் அலைமோதியதற்கு அதுவும் ஒரு காரணம்.

புகழ்பெற்ற சாமுராய் சக்காமோத்தோ ரியோமா 1858-இல் இதே மரபில் பெற்ற பட்டியல் சுருள் இன்றும் இருக்கிறது. அது வாளுக்கானது அல்ல, நீள்கைப்பிடி கொண்ட நகினாதாவுக்கானது. ஒரு பள்ளியில் ஓர் ஆயுதத்துக்குப் பெற்ற தகுதி இன்னோர் ஆயுதத்துக்குத் தானாக வராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கதைகள்ல வர்ற 'வாள் ஞானி' நிஜமான பட்டமா?

சொல் நிஜம், படி அல்ல. ஜப்பானிய மொழியில் 'கென்செய்' என்பார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஷின்காகே பள்ளியைத் தொடங்கிய காமிஇசுமி நொபுத்சுனாவை அப்படி அழைக்கிறார்கள். மேலே சொன்ன மொச்சிதா மொரிஜியையும் அவர் காலத்தவர் அப்படி அழைத்தார்கள். யாரும் தேர்வு எழுதி அதைப் பெறவில்லை, எந்த அமைப்பும் சான்றிதழ் கொடுக்கவில்லை. நம் ஊரில் ஒருவரைக் 'கவிச்சக்கரவர்த்தி' என்று ஊரே சொல்வதற்கும் பல்கலைக்கழகம் பட்டம் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான்.

ஐரோப்பாவுல வாள்வீரர்களுக்கு இப்படி ஏதாவது இருந்ததா?

இருந்தது. லண்டன் வாள் ஆசிரியர்கள் குழுவுக்கு 1540-இல் எட்டாம் ஹென்றி அதிகாரம் அளித்தார். அங்கே நான்கு படி: மாணவர், சுதந்திர மாணவர், துணையாசிரியர், ஆசிரியர். மேற்படிக்குப் போக ஊரார் முன்னிலையில், வருகிற எல்லோரோடும், பல ஆயுதங்களில் ஆடிக் காட்ட வேண்டும். மேல்படிகளுக்கு இடையே ஏழாண்டு இடைவெளி. ஜெர்மனியில் மார்க் புனிதர் பெயரிலான வாள்வீரர் சங்கத்துக்கு 1487-இல் பேரரசர் மூன்றாம் ஃபிரெட்ரிக் உரிமை வழங்கினார். ஆசிரியராக விரும்புகிறவரை ஃபிராங்ஃபர்ட் சந்தையின்போது சோதித்தார்கள். கைத்தொழில் சங்கங்களில் இருந்த முறையே வாளுக்கும் வந்தது.

இன்றைய ஒலிம்பிக் ஃபென்சிங்கில் டான் மாதிரி எதுவும் இல்லை. போட்டிப் புள்ளிகளால் வரும் தரவரிசை மட்டுமே. சென்னையைச் சேர்ந்த பவானி தேவி தோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது அப்படிப்பட்ட தரவரிசையில்தான். தரவரிசை ஏறும், இறங்கும். பெற்ற டான் இறங்காது.

மந்திரவாதிகளுக்கும் நிஜத்துல படிநிலை இருந்திருக்கா?

ஜப்பானின் அரசவையிலேயே இருந்தது. ஒன்மியோ அலுவலகம் என்பது நாள்கோள் பார்ப்பது, குறி சொல்வது, நாட்காட்டி கணிப்பது, நாழிகைக் கடிகாரம் காப்பது ஆகியவற்றுக்கான அரசுத்துறை. பண்டைச் சட்டத் தொகுப்பின்படி அதில் ஒன்மியோஜிகள் எனப்படும் குறி பார்க்கும் அலுவலர்கள் ஆறு பேர், ஒன்மியோ கற்பிக்கும் ஓர் ஆசான், அவரிடம் பத்து மாணவர்கள். வானநூலுக்கும் நாட்காட்டிக்கும் தனித்தனி ஆசானும் பத்துப் பத்து மாணவர்களும். இடங்களின் எண்ணிக்கை நிலையானது. ஆகவே திறமை வந்தாலும் மேலே இடம் காலியாக வேண்டும். பிற்காலக் கதைகளில் மாபெரும் மந்திரவாதியாக வரும் அபே நோ செய்மெய் (921–1005) தன் நாற்பதாவது வயதில் வானநூலில் இன்னும் மேல்நிலை மாணவராகத்தான் இருந்தார்.

மேற்கில், 1888-இல் லண்டனில் தொடங்கிய பொன்விடியல் என்ற மறைஞானக் குழு யூத மறைநூலின் பத்துப் படிமங்களை வைத்து ஏணி கட்டியது. ஒவ்வொரு படிக்கும் இரட்டை எண்: 1=10, 2=9, 3=8 என்று போகும். முதல் எண் எவ்வளவு ஏறினார் என்பது, இரண்டாவது மேலிருந்து எண்ணினால் எந்தப் படிமம் என்பது. கூட்டினால் எப்போதும் 11. வாசலில் நிற்கும் புதியவருக்கு மட்டும் 0=0.

கதை எழுதுறேன். என் உலகத்துக்கு வாள், மந்திரப் படிகளை எப்படி அமைக்கலாம்?

பெயர் சூட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் யார் கொடுக்கிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். ஓர் ஆசிரியர் கொடுத்தால் அது சுருள். அங்கே பாசமும் பகையும் காணிக்கையும் வரும். ஒரு சம்மேளனம் கொடுத்தால் அது டான். தேதி, கட்டணம், முகம் தெரியாத தேர்வாளர்கள். அரசவை கொடுத்தால் அது பதவி, காலியிடமும் சிபாரிசும். ஊர் கொடுத்தால் அது 'வாள் ஞானி'. யாரும் பறிக்கவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது.

அடுத்தது ஒவ்வொரு படியிலும் என்ன கைமாறுகிறது என்பது. நுட்பமா, கற்பிக்கும் அனுமதியா, ஒரு ரகசியமா? ஏழு படிக்கும் 'இன்னும் வலிமை' என்று ஒரே விடை வந்தால், மூன்றாக வெட்டிவிடுங்கள். சிபா ஷூசாக்கு செய்தது அதைத்தான். காத்திருப்பும் ஒரே அளவில் ஏற வேண்டியதில்லை. கெண்டோவில் 1, 2, 3, 4, 5, 6 என்று ஏறிய ஆண்டுகள் கடைசியில் 10-ஆகத் தாவுகின்றன. நாடகம் இருப்பது அந்தத் தாவலில். இரண்டு பள்ளிகளின் படிகளை ஒன்றுக்கொன்று சமமாக்காதீர்கள். ஒரு பள்ளியின் மூன்றாம் படிக்காரர் இன்னொரு பள்ளி வாசலில் புதியவராக நிற்பதுதான் இயல்பு.

இயாய்தோவுல அஞ்சாவது டான், கெண்டோவுல முதல் டான். இவரை எங்க உட்கார வைக்கிறது?

வாளை உறையிலிருந்து உருவிச் செய்யும் இயாய்தோவும், கோலால் வாளை எதிர்க்கும் ஜோதோவும் அதே சம்மேளனத்தின் கீழ் இருந்தாலும் டான் தனித்தனி. கெண்டோ வகுப்பில் அவர் முதல் டான்காரர். அந்த வரிசையில்தான் உட்கார வேண்டும். அடுத்த மணி நேரம் அதே கூடத்தில் இயாய்தோ வகுப்பு நடந்தால், சற்றுமுன் அவருக்கு மேலே உட்கார்ந்தவர் இப்போது கீழே வரலாம். இதில் யாருக்கும் மனத்தாங்கல் வருவதில்லை.

ஆன்லைன்ல வீடியோ அனுப்பினா டான் சான்றிதழ் தர்றாங்களாம். வாங்கலாமா?

வாங்காதீர்கள். மேலே விவரித்த தேர்வில் எதிராளி நேரில் நிற்க வேண்டும், தேர்வாளர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். சான்றிதழில் நாட்டுச் சம்மேளனத்தின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா, அந்தச் சம்மேளனம் சர்வதேச அமைப்பில் உறுப்பா என்று பாருங்கள். தேர்வுக் கட்டணம் வேறு, தேறியபின் பதிவுக் கட்டணம் வேறு. இரண்டாவதைக் கட்டாமல் விட்டால் பெயர் ஏட்டில் ஏறாது.

வேறு நாட்டில் தேர்வு எழுதப் போகிறவர்கள் தங்கள் நாட்டுச் சம்மேளனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். முந்தைய டான் சான்றிதழின் நகலையும் தேதி தெளிவாகத் தெரியும்படி எடுத்துப் போங்கள். காத்திருப்பு ஆண்டுகளை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள்.